அலுமினிய டம்ளரும் கொட்டாங்குச்சியும்

1976-ல் நான் ஆறாம் வகுப்பு. அதுவரைக்கும் படித்தது எங்க காலனியிலேயே இருந்த அரிசனப் பள்ளிக்கூடம். கிழவன் கிழவிகள் வாயில் அது கடைசி வரைக்கும் ‘லேபர் ஸ்கூல்’தான். அஞ்சாவதோடு அது முடிந்துபோகும். ஆறாவதுக்கு ரெண்டு மைல் நடந்து ஊருக்குள் இருக்கிற உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். அங்கேதான் ‘டிராயிங் பீரியட்’ என்று ஒன்று உண்டு என்பதே எனக்குத் தெரிந்தது. வாரத்துக்கு ரெண்டு. செவ்வாய் ஒண்ணு, வெள்ளி ஒண்ணு.

டிராயிங் மாஸ்டர் நன்றாக வரைவார். சாக்பீஸை எடுத்தார் என்றால் ஒரே இழுப்பில் யானை வந்து நிற்கும். வெள்ளிக்கிழமை கலர் அடிக்க விடுவார். பிரஷ் நனைக்கத் தண்ணி வேண்டுமே. மேசைமேல் ஒரு அலுமினிய டம்ளர். ஜன்னல் ஓரம் தரையில் ஒரு கொட்டாங்குச்சி. டம்ளர் ஊர்ப் பிள்ளைகளுக்கு. கொட்டாங்குச்சி காலனிப் பிள்ளைகள் நாங்கள் ஆறு பேருக்கு. யாரும் இதைச் சட்டமாகப் போடவில்லை. முதல் வெள்ளிக்கிழமையே எங்களுக்குப் புரிந்துவிட்டது.

கொட்டாங்குச்சியில் எவ்வளவு தண்ணி நிற்கும்? ஆறு பிரஷ் நாலு தடவை முக்கினால் கறுத்துப்போகும். கறுத்த தண்ணியில் முக்கினால் மஞ்சளும் கறுப்பு, பச்சையும் கறுப்பு. ஒருநாள் என் சூரியன் கறுத்துப்போவதைப் பார்க்கச் சகிக்காமல் எழுந்துபோய் டம்ளரில் பிரஷை விட்டுவிட்டேன். “சார், இவன் உட்டுட்டான் சார்” என்று ஒருத்தன் கத்தினான். மாஸ்டர் அடிக்கவில்லை. டம்ளர் தண்ணியை ஜன்னல் வழியாகக் கொட்டினார். ஒரு பையனிடம் கொடுத்து மண் போட்டு விளக்கி வரச் சொன்னார். “உங்க தண்ணிதான் அங்க இருக்குதுல்ல, இங்க எதுக்குடா வர்ற?” என்றார். பீரியட் முடியும்வரை வெளியில் நின்றேன்.

டீக்கடை இரட்டை டம்ளரைப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம், போராடியும் இருக்கிறோம். சித்திர வகுப்பில் இருந்த இரட்டை டம்ளரைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. நம்முடைய கல்வி வரலாற்றை எழுத்து, கணக்கு, இங்கிலீஷ் என்றே எழுதி வந்திருக்கிறோம். சித்திரம் கணக்கில் சேரவில்லை. பரீட்சையில் பாஸ் பண்ண அந்த மார்க் வேண்டாம், அதனால் வரலாற்றிலும் வேண்டாம் என்று விட்டுவிட்டோம் போலிருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் டிராயிங் மாஸ்டராகவே வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்கிற முறையில், விட்டதை எனக்குத் தெரிந்த அளவில் எழுதிப் பார்க்கிறேன்.

*

சித்திரம் கற்றுத்தரும் நவீனப் பள்ளி இந்தத் துணைக்கண்டத்தில் சென்னையில்தான் முதலில் வந்தது. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற வெள்ளைக்கார டாக்டர் சொந்த முயற்சியில் தொடங்கினார். அடுத்த வருஷமே கைத்தொழில் பிரிவு ஒன்றையும் சேர்த்தார். 1855-ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. கல்கத்தா 1854, பம்பாய் 1857 என்று மற்றவை பின்னால் வந்தன. இன்று பெரியமேட்டில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி அதன் தொடர்ச்சி.

எதற்காகச் சித்திரம்? 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் இந்தியக் கைவினைப் பொருள்களைப் பார்த்து ஐரோப்பாவே மெச்சியது. ஆனால் மில் துணியும் மெஷின் சாமானும் வந்து அதே கைவினைகளை அழித்துக்கொண்டிருந்த காலமும் அதுதான். நல்ல ‘டிசைன்’ போடத் தெரிந்த தொழிலாளி வேண்டும். அவன் கைக்கு ஒழுங்கு வேண்டும். இதற்காக லண்டன் சவுத் கென்சிங்டனில் உருவாக்கிய பாடமுறை இங்கும் இறங்கியது. நேர்கோடு, வளைகோடு, ஜியோமிதி, பிளாஸ்டர் பொம்மையைப் பார்த்து வரைதல், அச்சிட்ட படத்தைப் பார்த்து வரைதல். பார், நகல் எடு, பிசகாமல் எடு. கைக்குத்தான் பயிற்சி. கண் என்ன பார்க்கிறது, மனசு என்ன நினைக்கிறது என்ற கேள்வி அந்தப் பாடத்திட்டத்தில் கிடையாது.

இதே சென்னைப் பள்ளியில் 1898 வாக்கில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கிவைத்தார். இந்தியாவில் அலுமினியப் பாத்திரத் தொழிலின் தொடக்கம் ஒரு ஓவியப் பள்ளி என்பது பலருக்கும் தெரியாது. கொஞ்ச வருஷம் கழித்துக் குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனைகளையும் அங்கேயே நடத்தினார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. என்னை வெளியே நிறுத்திய அந்த அலுமினிய டம்ளரின் பாட்டன் பூட்டன் ஓவியப் பள்ளியில் பிறந்தவன்! எங்கள் தாத்தாக்களை எந்தத் தோலுக்காக ஊர் ஒதுக்கிவைத்ததோ அந்தத் தோலும் ஓவியப் பள்ளிக்குள் போய் ‘டெக்னாலஜி’ ஆகியிருக்கிறது. தோல் உள்ளே போன அந்த வாசலில் தோல் தொட்டவர்களின் பிள்ளைகள் எத்தனை பேர் போனார்கள்? கைவினைச் சாதிகளின் பிள்ளைகளை மனதில் வைத்துப் போட்ட பள்ளி அது. நமக்குக் கைவினை இருந்ததாகவே யாரும் எண்ணவில்லை. பறைக்குத் தோல் வார்க்கிறவனும் கூடை முடைகிறவளும் கோரைப்பாய் பின்னுகிறவளும் ‘கூலி’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டார்கள்.

நம் பிள்ளைகளின் கையில் களிமண்ணும் வண்ணக் காகிதமும் பாடமாக வந்தது வேறு ஒரு வழியில். 1894-ல் கர்னல் ஆல்காட் அடையாறில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் ஆல்காட்டோடு சேர்ந்து இயங்கிய காலம். பிறகு கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று பள்ளிகள் பெருகின. அமெரிக்காவிலிருந்து வந்த மிஸ் பாமர், மிசஸ் கோர்ட்ரைட் ஆகியோர் இவற்றை நடத்தினார்கள். பறையருக்குத் தாங்கள் எப்படிக் கற்பிக்கிறோம் என்றே கோர்ட்ரைட் அம்மையார் 1906-ல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அந்தப் பள்ளிகளில் கிண்டர்கார்டன் முறையைக் கையாண்டார்கள். ஜெர்மனியில் 1837-ல் ஃப்ரோபெல் தொடங்கிவைத்த முறை அது. மண் பிசைவது, காகிதம் மடிப்பது, குச்சி அடுக்குவது, கோடு போடுவது, பாடுவது, ஆடுவது. மனப்பாடமும் பிரம்புமே கல்வி என்று திண்ணைப் பள்ளிகள் நடந்துகொண்டிருந்த சென்னையில், சேரிக் குழந்தை காகிதத்தில் படகு மடித்துக்கொண்டிருந்தது என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதைச் சொல்லிவிட்டு மற்றதையும் சொல்லாமல் விடக்கூடாது. அந்தப் பள்ளிகள் கீழ் வகுப்புகளோடு நின்றன. மேலே படிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு அவை கட்டப்படவில்லை. ஆல்காட் 1907-ல் இறந்தார். அவருக்குப் பின் பிரம்மஞான சபைக்குத் தலைமையேற்ற அன்னி பெசன்ட், 1909-ல் எழுதிய கட்டுரையில், தாழ்த்தப்பட்ட பிள்ளைகளை மேல்சாதிப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் சேர்க்கக்கூடாது, அவர்கள் உடம்பும் பழக்கமும் முதலில் சுத்தமாகட்டும் என்று வாதாடினார். அண்ணல் அம்பேத்கர் காங்கிரசையும் காந்தியையும் பற்றிய தம் நூலில் அந்தக் கட்டுரையை எடுத்துப் போட்டுக் காட்டியிருக்கிறார். களிமண் கொடுப்பார்கள், பக்கத்தில் உட்கார விடமாட்டார்கள். என் மாஸ்டர் எனக்குக் கொட்டாங்குச்சி கொடுத்தது போல.

அம்பேத்கரின் பள்ளி நாட்களில் வரும் ஒரு சம்பவத்தையும் இங்கே வைக்கிறேன். சாத்தாராவில் கோணியை விரித்துத் தனியே உட்கார்ந்தது எல்லோருக்கும் தெரியும். பம்பாய் எல்பின்ஸ்டன் பள்ளியில் நடந்ததைத் தனஞ்செய் கீர் எழுதியிருக்கிறார். கணக்குப் போடக் கரும்பலகைக்கு வரும்படி ஆசிரியர் பீமராவைக் கூப்பிட்டார். மேல்சாதிப் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடினார்கள். அவர்களுடைய சாப்பாட்டு டப்பாக்கள் கரும்பலகைக்குப் பின்னால் இருந்தன. டப்பாக்களை அகற்றிய பிறகுதான் அந்தப் பிள்ளை பலகையைத் தொட முடிந்தது. கரும்பலகை என்பது பொதுச்சுவர். அதில் கோடு கிழிக்கிறவனை எல்லோரும் பார்ப்பார்கள். நம் பிள்ளை அந்தப் பொதுச்சுவரில் ஒரு கோடு கிழிப்பதற்குள் எத்தனை டப்பாவை நகர்த்த வேண்டியிருக்கிறது.

*

எங்க நைனாவுக்கு நான் சித்திரம் படிப்பது பிடிக்கவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு டிராயிங் பரீட்சைக்குப் போகிறேன் என்று சொன்னபோது, அவர் வாழ்நாளில் என்னை ஓங்கிய ஒரே தடவை கை ஓங்கினார். “கைவேலைதான்னா அதுக்கு எதுக்குடா பள்ளிக்கூடம்? எங்கிட்ட இல்லாத கைவேலையா? நான் பேனா புடிக்கச் சொன்னா நீ கோலு புடிக்கிறேன்னு நிக்கிற.”

இந்தக் கோபத்துக்குப் பின்னால் இருந்த சரித்திரம் எனக்கு அப்போது தெரியாது. 1953-ல் நைனா மூன்றாம் வகுப்பு. ராஜாஜி முதலமைச்சர். திருத்திய தொடக்கக் கல்வித் திட்டம் என்று ஒன்று அந்த வருஷம் நகராட்சிக்கு வெளியே இருந்த கிராமப் பள்ளிகளில் நடைமுறைக்கு வந்தது. பள்ளிக்கூடம் மூன்று மணி நேரம் மட்டும். பிள்ளைகளை ரெண்டு தொகுதியாகப் பிரித்து ஒரு தொகுதி காலையில், இன்னொன்று மதியம். மிச்ச நேரம் அப்பன் ஆத்தாளின் தொழிலைப் பழக வேண்டும். அதே கட்டடம், அதே வாத்தியார், இரு மடங்கு பிள்ளைகள், கூடுதல் செலவில்லை என்பது அரசாங்கத்தின் கணக்கு. பெரியாரும் தி.மு.க.வும் இன்னும் பலரும் இதைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். 1954 ஏப்ரலில் ராஜாஜி போய்க் காமராஜர் வந்தார், மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது.

ஒரு வருஷம்தானே என்று சரித்திரம் எழுதுகிறவர்கள் சொல்லலாம். நைனாவுக்கு அந்த ஒரு வருஷமே போதுமானதாக இருந்தது. தச்சன் மகன் தச்சுப் பழகலாம், குயவர் மகன் சக்கரம் சுற்றலாம். பண்ணையாள் மகன் எதைப் பழகுவான்? ஆண்டை வீட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போனார் நைனா. திட்டம் போய்விட்டது, மாடு போகவில்லை. அரை நாள் மாடு முழுநாள் ஆனது. அவர் கடைசியாகச் சிலேட்டைத் தொட்டது மூன்றாம் வகுப்பில்.

ஆகவே கைவேலை, தொழில், கலை என்று எந்தப் பெயரில் பள்ளிக்குள் வந்தாலும் நம் பெரியவர்கள் சந்தேகத்தோடு பார்த்ததில் நியாயம் இருக்கிறது. காந்தி 1937-ல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை நடுவில் வைத்தது. அதன் நோக்கம் வேறு, ராஜாஜி திட்டத்தின் நோக்கம் வேறு என்று அறிஞர்கள் விளக்குவார்கள். அந்த விளக்கமெல்லாம் மாடு ஓட்டிய பையனுக்குப் போய்ச் சேராது. அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். மேலே இருப்பவர்கள் நம் கையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம் பிள்ளையின் படிப்புக்கு ஆபத்து.

இன்றும் நம் தோழர்கள் பலர் இதையே சொல்கிறார்கள். “மொதல்ல இங்கிலீஷும் கணக்கும் வரட்டும் மாஸ்டர், படம் வரையறதெல்லாம் வயிறு நெறஞ்சவன் வேலை.” 1990-களில் தலித் கலைவிழாக்களில் பறை மேடையேறியபோதும் இப்படித்தான் ரெண்டு கட்சி பிரிந்து வாதாடினோம். பறையைத் தூக்கி எறிவதா, தூக்கிப் பிடிப்பதா? சாவுக்கு அடி என்று ஊர் சொல்லி அடித்தால் அது அடிமைத்தனம், என் மேடையில் என் இஷ்டத்துக்கு அடித்தால் அது என் இசை என்று அந்த விவாதத்தில் சிலர் சொன்னார்கள். சித்திரத்துக்கும் அதே அளவுகோலை வைக்கலாம் என்பது என் எண்ணம். எதை வரைய வேண்டும் என்பதை யார் முடிவு பண்ணுகிறார்கள்? கேள்வி அங்கே இருக்கிறது.

*

நைனா கை ஓங்கியும் நான் போனேன். ஃப்ரீஹேண்ட் லோயர், மாடல் டிராயிங் லோயர், பிறகு ரெண்டிலும் ஹையர், அப்புறம் டி.டி.சி. பயிற்சி. மாடல் டிராயிங் என்றால் ஒரு கூஜா, ஒரு மரப்பெட்டி, ஒரு புத்தகம். வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது, நிழல் எந்தப் பக்கம். சவுத் கென்சிங்டன் போட்ட தடம் நூறு வருஷம் கழிந்தும் அப்படியே இருந்தது. சென்னைக் கலைப் பள்ளியிலோ எவ்வளவோ மாறிவிட்டது. 1929-ல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி வந்து கைத்தொழில் கூடத்தை நுண்கலைக் கூடமாக மாற்றினார். 1957-ல் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வரானார், 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. மேலே நவீன ஓவியம் பற்றிப் பெரிய விவாதங்கள். கீழே ஆறாம் வகுப்பில் அதே கூஜா. அந்த விவாதம் பள்ளிக்கூடத்துக்கு இறங்கி வரவே இல்லை.

உலகத்தில் வேறு வழி தெரியாமல் இல்லை. வியன்னாவில் ஃபிரான்ஸ் சிசெக் என்பவர் 1897-லேயே குழந்தைகளுக்கென்று ஓவிய வகுப்பு தொடங்கி, நகல் எடுக்க வேண்டாம், நினைப்பதை வரையுங்கள் என்று விட்டார். குழந்தை ஓவியத்தை ஓவியமாகவே மதிக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து பரவியது. நம் பாடத்திட்டத்துக்கு அது எட்டவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தது ஒரு ஆதிதிராவிடர் நலப் பள்ளியில். ஆறிலிருந்து எட்டு வரை என் பொறுப்பு. டிராயிங் மாஸ்டர் என்றால் நடப்பில் என்ன வேலை தெரியுமா? கணக்கு வாத்தியார் வராத அன்றைக்கு வகுப்பைக் கத்தவிடாமல் பார்த்துக்கொள்வது, சுதந்திர தினத்துக்குப் பலகையில் கொடி வரைவது, சர்டிபிகேட்டில் பெயர் எழுதுவது. மிச்சமிருக்கிற பீரியடில் சித்திரம். முதல் வாரம் “உங்களுக்குப் பிடிச்சதை வரைங்க” என்றேன். நாற்பது பிள்ளைகளும் ஒரே படத்தைக் கொடுத்தார்கள். ரெண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், ஒரு ஆறு, ஒரு தென்னை, ஓட்டு வீடு ஒன்று, அதற்குப் பாதை, வானத்தில் நாலு காக்கா. எங்க பக்கத்தில் மலையும் கிடையாது, ஆறும் கிடையாது. அந்தப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு ஓட்டு வீடும் கிடையாது. ஆனால் வீடு என்று வரையச் சொன்னால் அந்த வீடு வருகிறது.

நானும் சின்ன வயதில் அதையேதான் வரைந்தேன். கறுத்துப்போன என் சூரியன் அந்த மலைக்கு நடுவில் இருந்த சூரியன்தான். எங்கிருந்து வந்தது? பாட நோட்டு அட்டை, காலண்டர், மாஸ்டர் போட்ட மாதிரிப் படம். படம் என்றாலே நம்முடையது அல்லாத ஒன்று என்று பிள்ளை கற்றுக்கொண்டுவிட்டது. தன் தெருவைப் படத்துக்கு லாயக்கில்லாததாக நினைக்கத் தொடங்கிவிட்டது. சாதி இதைவிடச் சத்தமில்லாமல் வேலை செய்யுமா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் பெரிதாக ஒன்றும் பண்ணவில்லை. மாதிரிப் படம் போடுவதை நிறுத்தினேன். பேப்பருக்குக் காசில்லை, தேர்தல் நோட்டீசின் வெள்ளைப் பக்கம், காலண்டர் தாள், சிமெண்ட் மூட்டைக் காகிதம். கலருக்கு அடுப்புக்கரி, செம்மண், மஞ்சள், இலையைக் கசக்கிய சாறு; ஒட்டுவதற்கு வேலம்பிசின். “இன்னிக்குக் காலைல எழுந்து பள்ளிக்கூடம் வர்ற வரைக்கும் என்னா பாத்தியோ அதை வரை” என்றேன். ஒரு மாதம் வரைக்கும் திரும்பத் திரும்ப மலையே வந்தது. பிறகு ஒருத்தன் பன்றி வரைந்தான். எல்லோரும் சிரித்தார்கள். நான் அந்தப் பன்றியைச் சுவரில் ஒட்டினேன். அப்புறம் சிரிப்பு நின்றது, தெரு வந்தது.

குழாயடி வந்தது. சாராயம் குடித்துவிட்டு விழுந்து கிடக்கிற மாமன் வந்தான். செங்கல் சூளையில் அம்மா தலையில் எட்டுக் கல், வயிற்றில் பிள்ளை. வயிறு கண்ணாடி மாதிரி, உள்ளே பிள்ளை தெரிகிறது. சின்னப் பிள்ளைகள் அப்படித்தான் வரைவார்கள், தெரிந்ததை வரைவார்கள், கண்ணுக்கு மறைந்திருந்தாலும் வரைவார்கள். அதைத் திருத்துகிற மாஸ்டர் வேலைக்கு ஆகாதவர்.

ஏழாம் வகுப்பு படித்த ஒரு பெண்பிள்ளை ஊர்த் தேர்த் திருவிழாவை வரைந்திருந்தாள். தேர் தாளின் மூலையில் கட்டைவிரல் அளவு. மிச்சம் தாள் முழுக்க முதுகு. வரிசை வரிசையாக முதுகுகள். “என்னம்மா, தேர இவ்ளோ சின்னதா போட்டுட்ட?” என்று கேட்டேன். “அங்கேருந்து பாத்தா அவ்ளோதான் சார் தெரியும்” என்றாள். நான் படித்த மாடல் டிராயிங்கில் தூரம் கூடக்கூட உருவம் சின்னதாகும் என்று விதி உண்டு. தூரத்தை யார் போட்டது என்று அந்தப் பாடம் சொல்லித்தரவில்லை. அந்தப் பெண் சொல்லித்தந்தாள்.

இன்னொருத்தன் டீக்கடை வரைந்தான். பெஞ்சில் நாலு பேர், கையில் கண்ணாடி கிளாஸ். கடைக்குப் பின்னால் குத்துக்காலிட்டு ரெண்டு பேர், கையில் கொட்டாங்குச்சி. கடையின் பெயரையும் எழுதிவிட்டான். அதையும் ஒட்டினேன். ஒரு வாரத்தில் தலைமையாசிரியர் கூப்பிட்டார். “என்னங்க மாஸ்டர், இன்ஸ்பெக்‌ஷன் வருது, சொவத்துல இதெல்லாம் வேணுமா? கடைக்காரன் காதுக்குப் போனா பிரச்னை ஆவும். நல்லதா நாலு இயற்கைக் காட்சி போடச் சொல்லுங்க.” அவரும் நம்ம ஆள்தான். பயந்தார். அவர் பயத்திலும் காரணம் இருந்தது. நான் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து எடுத்தேன். இதை மறைக்க விரும்பவில்லை. கிழிக்கவில்லை, மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். இப்போதும் இருக்கிறது. அந்தப் பையனிடம், “நல்லா இருக்குது, நான் வெச்சுக்கிறேன்” என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. மறுவாரம் ரெண்டு மலை வரைந்து கொண்டுவந்து வைத்தான். என் உத்தியோகத்தில் நான் அடைந்த பெரிய தோல்வி அது.

ஒரு சிமெண்ட் காகிதத்துக்கு ஒரு கடைக்காரனும் ஒரு தலைமையாசிரியரும் பயந்தார்கள் என்பதை நம் தோழர்கள் கவனிக்க வேண்டும். வயிறு நிறைந்தவன் பொழுதுபோக்கு என்றால் யார் பயப்படுவார்கள்?

*

சட்டத்தில் சித்திரத்துக்கு இடம் இருக்கிறது. 2005-ல் வந்த தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு பத்தாம் வகுப்பு வரை கலையைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. 2009-ல் நிறைவேறிய கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் சேர்ந்திருந்தால் கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் ஒருவர். ஒன்று முதல் ஐந்து வரை கலைக்கு ஆள் என்ற பேச்சே இல்லை. நூறுக்குக் கீழே போனாலும் இல்லை. எந்தப் பள்ளிகளில் நூறு பேர் சேர்வதில்லை? காலனிக்குள் இருக்கிற பள்ளி, மலைக்குள் இருக்கிற பள்ளி. ஊர்க்காரர்கள் தம் பிள்ளைகளை அனுப்பாத பள்ளி. தீண்டாமையால் சுருங்கிய எண்ணிக்கையைக் காட்டியே தீண்டாமைக்கு ஆளான பிள்ளைக்கு மாஸ்டர் கிடையாது என்று சொல்லிவிடலாம். சட்டம் எழுதியவர்கள் இதை நினைத்து எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. கொட்டாங்குச்சியையும் யாரும் சட்டமாகப் போடவில்லை.

2012-ல் தமிழ்நாட்டில் ஓவியம், உடற்கல்வி, கைத்தொழில் ஆகியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். மாதம் 5,000 ரூபாய். வாரத்துக்கு மூன்று அரை நாள். அவர்களில் என்னிடம் படித்த பிள்ளைகளும் உண்டு. காலையில் பள்ளிக்கூடம், மதியம் பெயிண்ட் அடிக்கும் வேலை, இரவு பேனர். சம்பளம் பிறகு சிறுகச் சிறுக ஏறியது; பணிநிரந்தரம் கேட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் சென்னைத் தெருவில் உட்கார்ந்தார்கள். 1953-ல் பிள்ளைக்கு அரை நாள் பள்ளிக்கூடம். 2012-ல் மாஸ்டருக்கு அரை நாள். அரை நாள் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எங்க நைனா ஓட்டிய மாடு ஞாபகம் வருகிறது.

2022-லிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்துகிறார்கள். நல்லது. நம் பிள்ளைகள் மேடையேறிப் பரிசு வாங்குவதைப் பார்த்தால் மனசு நிறைகிறது. ஆனால் போட்டி வேறு, வகுப்பு வேறு. போட்டிக்கு ஏற்கெனவே வரைகிற ஒரு பிள்ளை போதும். வகுப்பில் மிச்சம் முப்பத்தொன்பது பிள்ளைகளும் வேண்டும். பன்றி வரைந்தவன் எந்தப் போட்டியிலும் ஜெயித்திருக்க மாட்டான்.

தோழர்களுக்கு என் வேண்டுகோள் சின்னது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிக்குக் கட்டடம் கேட்டு, கழிப்பறை கேட்டு, காலிப் பணியிடம் நிரப்பக் கேட்டுக் கலெக்டரிடம் மனு கொண்டு போகிறீர்கள். அடுத்த தடவை அதில் ஒரு வரி சேருங்கள்: ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, பிள்ளைகள் நூறோ இருபதோ, முழுநேரச் சித்திர ஆசிரியர் ஒருவர் வேண்டும். நூறு என்ற அந்த வரம்பை நம் பள்ளிகளுக்குத் தளர்த்த வேண்டும். நம் பிள்ளை மாட்டுக்குப் போகாமல் தடுத்தவர்கள் நம் முன்னோர்கள். நம் பிள்ளை தன் கண்ணால் பார்த்ததைத் தன் கையால் போட்டுச் சுவரில் ஒட்டும்போது அதை யாரும் இறக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை நமக்கு மிச்சம் இருக்கிறது. நான் இறக்கியவன், அதனால் சொல்கிறேன்.

நைனா சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒருதடவை என் வகுப்புக்கு வந்தார். பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். நாற்பது பிள்ளைகளும் நடுவில் வைத்த ஒரே பிளாஸ்டிக் வாளியில் பிரஷை விட்டு ஆட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணி நாறிப்போய்க் கிடந்தது. “தண்ணியை மாத்தக்கூடாதாடா?” என்றார். மாற்றுவதற்கு ரெண்டு பிள்ளைகள் வாளியைத் தூக்கிக்கொண்டு குழாய்க்கு ஓடினார்கள். ஒரு பையன் தன் கையில் இருந்த கரித்துண்டை அவரிடம் நீட்டி, “தாத்தா, நீயும் போடேன்” என்றான். நைனா ரொம்ப நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு காலண்டர் தாளில் ஒரு மாடு வரைந்தார். கால் நாலும் ஒரே பக்கம் இருந்தது. கயிறு மட்டும் போடவில்லை.